மாலத்தீவுச் சுறாக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலத்தீவுக்குப் புறப்படும் நண்பர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அங்கே சுறா இருக்குமா?" பாதிப் பேர் பயந்து கேட்கிறார்கள். பாதிப் பேர் ஆசையோடு கேட்கிறார்கள். நான் தூத்துக்குடிக்காரன், மாலத்தீவில் ஒன்பது வருடம் ஸ்கூபா (காற்று உருளையோடு கடலடியில் முக்குளிப்பது) வழிகாட்டியாக வேலை பார்த்தவன். வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அங்கே எத்தனை வகைச் சுறா இருக்கிறது?

சுமார் 40 வகை பதிவாகியிருக்கிறது. ஆனால் ஒரு வாரம் போய்வருகிறவர் கண்ணில் படுவது நான்கைந்து வகைதான். மற்றவை ஆழத்தில் இருப்பவை, அல்லது நடுக்கடலில் சூரைக் கூட்டத்தோடு திரிபவை.

எது எங்கே இருக்கும் என்று தெரிய, தீவுகளின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். வடக்கு தெற்காக 870 கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கும் 26 பவள வளையங்கள், அவற்றின் மேல் 1,192 தீவுகள். ஒரு வளையத்தை மாலத்தீவுக்காரர்கள் 'அதோளு' என்கிறார்கள். உலகமெல்லாம் சொல்லும் 'அட்டோல்' அவர்களுடைய திவேஹி மொழியிலிருந்து போன சொல். வளையத்துக்கு உள்ளே ஆழம் குறைந்த, அலை அடங்கிய தண்ணீர். வெளியே கிடுகிடுவென்று இறங்கும் பெருங்கடல். இரண்டுக்கும் நடுவே தண்ணீர் போய்வரும் வாய்க்கால்கள். அவற்றுக்குப் பெயர் 'கந்து'. குட்டிச் சுறாக்கள் உள்ளே கரையோரம், வளர்ந்த பாறைச் சுறாக்கள் கந்து வாசலில், புலிச்சுறாவும், சுத்தியல் மாதிரித் தலையுள்ள கொம்பன் சுறாவும் வெளிப்பக்க ஆழத்தில். இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பாது.

எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரில் இறங்காமல் சுறா பார்க்க முடியுமா?

தாராளமாக. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் ரிசார்ட்டின் ஜெட்டி (படகுத்துறை) படியிலோ கரை மணலிலோ சத்தமில்லாமல் உட்காருங்கள். கணுக்கால் ஆழத்தில் சின்ன மீன் கூட்டம் ஒன்று திடீரென்று இரண்டாகப் பிளக்கும். அந்தப் பிளவுக்குள் மணல் நிறத்தில், அரை மீட்டர் நீளத்தில் ஒன்று வளைந்து போகும். முதுகுத் துடுப்பின் நுனியில் மையில் தொட்டு எடுத்த மாதிரி ஒரு கறுப்பு. அதுதான் கருமுனைப் பாறைச் சுறாவின் குட்டி. நீங்கள் ஒரு எட்டு எடுத்து வைத்தால் போதும், மணல் கலங்கும், குட்டி போய்விடும். நம்மைக் கண்டு அது அவ்வளவு பயப்படுகிறது.

இவ்வளவு கரையோரமாக அது வருவதற்குக் காரணம், ஆழத்தில் இருக்கும் பெரிய மீன்களும் பெரிய சுறாக்களும் அதைத் தின்றுவிடும் என்பதே. தாய் முட்டையிடுவதில்லை, ஒரு பேற்றில் இரண்டு முதல் நான்கு குட்டிகள் ஈனும். வளர்ந்தால் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல் போகும். கரையோரத்தை ஆழப்படுத்தி மண்ணை அள்ளி தீவைப் பெரிதாக்கும் வேலை நடக்கும் இடங்களில் இந்தக் குட்டிகளின் தொட்டிலே போய்விடுகிறது. மாலத்தீவில் இன்று சுறாவுக்கு நேரும் கெடுதல்களில் தூண்டிலைவிட இதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

திமிங்கலச் சுறாவை எங்கே, எப்போது பார்க்கலாம்?

தெற்கு அரி அட்டோலில், வருடம் முழுவதும். உலகில் இப்படிப் பன்னிரண்டு மாதமும் திமிங்கலச் சுறா தென்படும் இடங்கள் மிகச் சில. 2009-ல் அந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவித்தார்கள். பா அட்டோலில் உள்ள ஹனிஃபாரு குடாவில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஏறக்குறைய ஜூன் முதல் நவம்பர் வரை, மிதவை உயிரிகள் குவியும்போது ஆனைத்திருக்கைகளோடு இதுவும் வரும். அங்கே ஸ்கூபாவுக்கு அனுமதி இல்லை, ஸ்நார்க்கெல் (குழாய் வழியே மூச்சு விட்டபடி மேல்தண்ணீரில் நீந்துவது) மட்டும்தான்.

பெயரில் திமிங்கலம் இருந்தாலும் இது மீன். செவுளால் மூச்சு விடுகிறது. உலகின் மிகப் பெரிய மீன், 18 மீட்டர் வரை வளரும். ஆனால் தெற்கு அரியில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஐந்தாறு மீட்டர் நீளமுள்ள விடலை ஆண்களைத்தான். அந்த வயது ஆண்களே ஏன் அங்கு கூடுகின்றன என்பதற்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள்: இரை தேடி ஆழத்துக்குப் போய்க் குளிர்ந்த உடலை, பாறை விளிம்பின் வெதுவெதுப்பான மேல்தண்ணீரில் சூடேற்றிக்கொள்ள வருகின்றன என்று. படகுக்காரர்கள் 'ஃபெஹுரிஹி' என்று கத்தினால் அதுதான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

மேல்தண்ணீரில் மெதுவாக நீந்துவதுதான் அதற்கு ஆபத்து. படகுக் காற்றாடி வெட்டிய தழும்பு இல்லாத உடலைக் காண்பது அரிது. முதுகுத் துடுப்பு பாதி அறுந்தவை, வாலில் வரிவரியாக வெட்டுக் காயம் ஆறியவை என்று பலவற்றைப் பார்த்திருக்கிறேன். படகில் ஏறும்போதே ஓட்டுநரிடம் சொல்லுங்கள்: சுறாவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம், தூரத்தில் இறக்கிவிட்டால் நாங்கள் நீந்திக்கொள்கிறோம் என்று. உடலிலிருந்து மூன்று மீட்டர், வாலிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி இருங்கள். தொடாதீர்கள், ஃப்ளாஷ் போடாதீர்கள்.

புலிச்சுறாக்கள் கூட்டமாக இருக்கும் தீவு எது?

ஃபுவஹ்முலா. நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே தனியாகக் கிடக்கும் தீவு. வளையம் இல்லை, உள்கடல் இல்லை. ஒரே தீவு, நாலாபக்கமும் ஆழம். 2020-ல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. புகைப்படங்களை வைத்து அடையாளம் கண்ட புலிச்சுறாக்கள் மட்டும் இங்கே 200-க்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை பெண்கள், சில நிறைமாதம்.

ஏன் இங்கே? மீனவர்கள் துறைமுகத்தில் சூரையை அறுத்துக் கழிவைக் கடலில் கொட்டுவது பழைய வழக்கம். அந்த வாடைக்கு வர ஆரம்பித்தவை வந்துகொண்டே இருந்தன. இப்போது ஸ்கூபா நடத்துகிறவர்கள் சூரைத் தலைகளைக் கற்களுக்கு அடியில் வைத்து வரவழைக்கிறார்கள்.

முதல் முறை அங்கே இறங்கியது மறக்காது. துறைமுக வாயிலுக்குப் பக்கத்தில், பத்து மீட்டருக்கும் குறைவான ஆழம். உடைந்த பவளக் கற்களின் மேல் வரிசையாக முழந்தாளிட்டு இருந்தோம். நீல மங்கலில் ஒரு கனத்த நிழல் உருவானது. நான்கு மீட்டர் இருக்கும். முகம் சதுரமாக, மொண்ணையாக இருந்தது. விலாவில் பட்டைகள் மங்கித் தெரிந்தன; வயது ஏற ஏற அந்தப் பட்டைகள் மறையும். வயிறு பருத்துத் தொங்கியது. கல்லை மூக்கால் நெம்பியது, சூரைத் தலையை எடுத்தது. கடிக்கும் நொடியில் கண்ணின் மேல் ஒரு வெள்ளைச் சவ்வு ஏறி மூடியது. ஆமை ஓட்டையே அறுக்கும் பல் அதற்கு. ஆனாலும் எந்த அவசரமும் இல்லாமல், எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. திவேஹியில் இதற்குப் பெயர் 'ஃபெமுனு'.

புதியவர்களை நான் அங்கே நேராகக் கூட்டிப் போகமாட்டேன். தண்ணீருக்கடியில் மிதப்பைச் சரியாகக் கட்டுப்படுத்தத் தெரிந்த பிறகு போகலாம். புலிச்சுறாவிடம் முதுகைக் காட்டக் கூடாது, கண்ணை எடுக்கக் கூடாது, வழிகாட்டி சொன்ன இடத்தைவிட்டு நகரக் கூடாது. இந்த மூன்றையும் கேட்காதவரை அடுத்த முறை நான் இறக்கியதில்லை.

கொம்பன் சுறா?

ரஸ்து அட்டோல் இதற்குப் பேர்போனது. விடியுமுன் படகேறி, முதல் வெளிச்சத்தில் பாறைச் சுவரை விட்டு விலகி நீலத்துக்குள் இறங்க வேண்டும். கீழே எதுவும் தெரியாது, பக்கத்திலும் எதுவும் தெரியாது. சில நாள் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு ஏறுவோம். சில நாள் இருபது, முப்பது என்று கூட்டமாகக் கீழே கடந்து போகும். உலக அளவில் மிக ஆபத்தான நிலைக்குக் குறைந்துவிட்ட இனம் என்பதால், ஒன்று தெரிந்தாலே நான் நிறைவாக ஏறிவிடுவேன். ஃபுவஹ்முலாவிலும் உண்டு.

சாதாரணமாகக் கண்ணில் படுபவை வேறு எவை?

சாம்பல் பாறைச் சுறா கந்து வாசல்களின் காவல்காரன். நீவாடு (கடல் நீரோட்டம்) உள்நோக்கி வேகமாக இழுக்கும் நேரத்தில் பாறை விளிம்பில் கொக்கி மாட்டிக்கொண்டு இருந்தால், எதிர்நீவாட்டில் வால்கூட அசையாத மாதிரி பத்து இருபது நிற்பதைப் பார்க்கலாம். வால் ஓரத்தில் கறுப்புக் கரை இருக்கும். இது முதுகைக் கூனி, பக்கத் துடுப்பைக் கீழே இறக்கி, விறைப்பாக வளைந்து வளைந்து நீந்தினால், 'தள்ளிப் போ' என்று சொல்கிறது என்று பொருள். மறு பேச்சில்லாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். துரத்தாதவரை அப்படிச் செய்வதில்லை.

வெண்முனைப் பாறைச் சுறா ஒல்லியானது. பகலில் குகைகளில் படுத்திருக்கும், இரவில் வேட்டை. நர்ஸ் சுறா கிட்டத்தட்ட மூன்று மீட்டர் வரை வளரும். மீசை மாதிரி இரண்டு இழை முகத்தில் தொங்கும். இரையை உறிஞ்சி இழுக்கும். அவர்கள் இதை 'நிதன் மியரு' என்கிறார்கள். மியரு என்றால் சுறா, நிதன் என்பது தூக்கம். வாவு அட்டோலில் அலிமதா ஜெட்டியடியில் இரவில் டார்ச் வெளிச்சத்தில் இவை ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டு திரியும். சாது என்று நினைத்து வாலைப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கடித்தால் விடாது, விடுவிப்பது பெரும் பாடு.

வெள்ளைச் சுறாவை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு: அது பெரும்பாலும் குளிர்ந்த கடல்களில் வாழ்வது. அங்கே நீங்கள் பார்க்கப்போவதில்லை.

நின்றால் சுறா செத்துவிடும் என்கிறார்களே?

எல்லாச் சுறாவுக்கும் பொருந்தாது. வெண்முனையும் நர்ஸ் சுறாவும் வாயால் தண்ணீரை இழுத்துச் செவுள் வழியே தள்ளிக்கொண்டு மணிக்கணக்கில் தரையில் படுத்திருக்கும். சாம்பல் பாறைச் சுறா போன்றவை ஓடும் தண்ணீரை நம்பி வாழ்பவை. கந்து வாசலில் அவை நிற்பதன் ரகசியம் அதுதான். அங்கே தண்ணீரே ஓடி வந்து செவுளுக்குள் புகுந்துவிடுகிறது.

கடித்துவிடுமா?

மாலத்தீவில் மிக மிக அரிது. வருடத்துக்குப் பல லட்சம் பேர் போய்க் கடலில் இறங்கும் நாடு அது. ஆனால் கடிக்கவே கடிக்காது என்று யாருக்கும் எழுதித்தர மாட்டேன். காட்டு விலங்கு அது. தூண்டில் போட்டுக்கொண்டிருக்கும் படகுப் பக்கத்தில், மீன் அறுக்கும் இடத்தில், இரை போடும் இடத்தில் நீந்தாதீர்கள். இருட்டிய பின் தனியாக இறங்காதீர்கள். கையில் மீனை வைத்துக்கொண்டு தண்ணீரில் நிற்காதீர்கள். நான் பார்த்த சின்னச் சின்னக் கடிகள் எல்லாமே இந்தப் பட்டியலுக்குள் அடங்கும்.

நேரில் வந்துவிட்டால் கைகாலை அடித்துத் தண்ணீரைக் கலக்காமல், அதைப் பார்த்தபடியே மெல்ல விலகி வாருங்கள்.

மாதவிடாய் நாட்களில் இறங்கலாமா?

பெண்கள் என் மனைவி மூலமாகத்தான் இதைக் கேட்பார்கள். அதனால் வெளிப்படையாகவே எழுதுகிறேன். இறங்கலாம். அதனால் சுறாக் கடி கூடியதாக எந்தச் சான்றும் இல்லை. வெளியேறும் அளவு சிறியது, கடல் நொடியில் கரைத்துவிடுகிறது. ஒரு சொட்டு ரத்தத்தை ஒரு மைலுக்கு அப்பால் இருந்து மோப்பம் பிடிக்கும் என்பதும் உண்மையில்லை. சுறாவின் மோப்பம் கூர்மையானதுதான். ஆனால் வாடை நீவாட்டோடு மிதந்து அதன் மூக்குக்குப் போய்ச் சேர வேண்டும்.

மற்ற கடல்களில் இல்லாத அளவு அங்கே மட்டும் எப்படி மிச்சமிருக்கிறது?

பிடிக்காமல் விட்டதால். இது தானாக அமையவில்லை.

பழைய காலத்தில் சுறா ஈரல் எண்ணெயைக் காய்ச்சித் தோணிக்குப் பூசுவார்கள். மரம் இறுகும், உளுத்துப்போகாது. (அவர்கள் படகுக்குச் சொல்வதும் 'தோனி'தான்.) அதற்காகத் திமிங்கலச் சுறாவையும் பிடித்தார்கள். வெளிநாட்டுச் சந்தை வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1980 வாக்கில் ஆழ்கடலில் வாழும் குல்ப்பர் சுறாவை ஈரல் எண்ணெய்க்காகப் பிடிக்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே உச்சம் தொட்டு, பிறகு மளமளவென்று சரிந்தது. அந்தச் சுறா ஒரு பேற்றில் ஒன்று அல்லது இரண்டு குட்டிதான் ஈனும். எப்படித் தாங்கும்? பாறைச் சுறாக்களைச் சுறாப்பீலிக்காக, அதாவது துடுப்புக்காகப் பிடித்தார்கள். தூத்துக்குடியில் பீலி காயப்போட்ட முற்றங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த வியாபாரத்தின் வேகம் என்ன என்று எனக்குத் தெரியும்.

1992-ல் எடுத்த ஒரு கணக்குதான் பேச்சைத் திருப்பியது. செத்த சாம்பல் பாறைச் சுறா ஒன்று மீனவருக்குத் தருவது சுமார் 32 டாலர். உயிரோடு ஒரு முக்குளிப்பு இடத்தில் நின்றால், அதைப் பார்க்க வருகிறவர்களால் வருடத்துக்கு 3,300 டாலர். அரி அட்டோலில் 'மீன்தலை' என்று பெயர் பெற்ற இடத்தில் ஒரு சுறாவின் மதிப்பு இதைப் போலப் பத்து மடங்கு வந்தது. அதே இடத்தில் சில ஆண்டுகளில் மீன்பிடிப்பால் சுறாக்கள் வெகுவாகக் குறைந்தபோது, கணக்கின் அர்த்தம் எல்லோருக்கும் உறைத்தது.

1995-ல் திமிங்கலச் சுறாவுக்குப் பாதுகாப்பு. 1998-ல் சுற்றுலா நடக்கும் ஏழு அட்டோல்களில் பத்து வருடத் தடை. 2009-ல் பாறைச் சுறாக்களுக்கு நாடு தழுவிய தடை. 2010-ல் சுறா பிடிப்பதற்கும் விற்பதற்கும் ஏற்றுமதிக்கும் முழுத் தடை. பசிபிக் தீவு நாடான பலாவுக்கு அடுத்து உலகில் இரண்டாவது சுறாச் சரணாலயம் ஆனது மாலத்தீவு.

தடை இன்றும் அப்படியே இருக்கிறதா?

2021-ல் தளர்த்தலாமா என்ற பேச்சு அரசுப் பக்கமிருந்து வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த எண்ணம் இல்லை என்றார்கள். 2025-ல் குல்ப்பர் சுறா பிடிப்பை மட்டும் கட்டுப்பாடுகளோடு மீண்டும் திறக்கப்போவதாக அரசு அறிவித்தது. முக்குளிப்பவர்களும் கடல் ஆய்வாளர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். நானும் எதிர்க்கிறேன். ஆழத்தில் வாழ்வதால் இதைப் பார்க்க எந்தச் சுற்றுலாப் பயணியும் வருவதில்லை; 3,300 டாலர் கணக்கு இதைக் காப்பாற்றாது. ஒரு முறை சரிந்து நாற்பது வருடத்தில் எவ்வளவு மீண்டது என்பதைச் சரியாக எண்ணிப் பார்க்காமல் தூண்டிலை இறக்கக் கூடாது.

சுறா பிடித்துப் பிழைத்தவர்கள் என்ன ஆனார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் குறைவு. இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். சுறாவின் லாபம் ரிசார்ட்டுகளுக்குப் போனது. வலையையும் தூண்டிலையும் கரையில் வைத்தவர் வேறு ஆள். தடைக்குப் பிறகு சுறாக்கள் தூண்டிலில் மாட்டிய மீனைப் பாதியாகக் கடித்துவிடுகின்றன என்று அங்கே மீனவர்கள் சொல்கிறார்கள். ஒரு முறை தலை மட்டும் மிஞ்சிய செம்மீனை என் கையில் தூக்கிக் கொடுத்து, "இதற்கு யார் விலை தருவார்?" என்று கேட்டார் ஒரு பெரியவர். நியாயமான கேள்வி. ஃபுவஹ்முலாவில் இப்போது உள்ளூர்ப் பிள்ளைகளே வழிகாட்டிகளாக, விடுதிக்காரர்களாக ஆகியிருப்பது ஒரு பதில். எல்லாத் தீவுக்கும் அது போய்ச் சேரவில்லை.

நம் பக்கமும் இது உண்டு. குமரி மாவட்டத் தூத்தூர் மீனவர்கள் சுறா வேட்டையில் தலைமுறை தலைமுறையாகப் பேர்போனவர்கள். இந்தியாவில் 2001-ல் திமிங்கலச் சுறா பாதுகாக்கப்பட்ட விலங்குப் பட்டியலில் வந்தது. 2015-ல் சுறாப்பீலி ஏற்றுமதி நின்றது. அந்த விதிகளின் சுமையை அவர்களும் சுமந்தார்கள்.

அங்கே சுறாப்புட்டு கிடைக்குமா?

கிடைக்காது, கேட்கவும் வேண்டாம். சூரையும் மாசியும் வேண்டிய மட்டும் கிடைக்கும். சுறாப் பல், தாடை என்று எதையும் நினைவுப் பொருளாக வாங்கி வராதீர்கள், ஏற்றுமதிக்குத் தடை.

ஊரில் புட்டுக்குப் போடும் பால்சுறா வேறு இனம், சின்னது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று என் அம்மாவும் செய்து கொடுத்தார். ஆனால் சுறா இறைச்சியில் பாதரசம் சேர்கிறது என்பதால் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்க்க வேண்டும் என்றுதான் இன்று மருத்துவ அறிவுரை. வேறு சின்ன மீன் செய்து கொடுங்கள்.

இரை போட்டுச் சுறாவை வரவழைப்பது சரியா?

எனக்கு மனம் இரண்டாகத்தான் இருக்கிறது. ஃபுவஹ்முலாவில் அந்தச் சூரைத் தலைகள் இல்லாவிட்டால் ஒரு தீவின் வருமானமே இல்லை. அங்கே ஒழுங்கோடு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் குளிக்கும் கரையில், ஜெட்டியில், உணவு மேசை மிச்சத்தை எறிந்து சுறாவைப் பழக்குவதை நான் ஏற்கமாட்டேன். மனிதன் என்றால் சாப்பாடு என்று அது கற்றுக்கொள்ளும். பின்னால் யாராவது கடிபட்டால் பழி சுறா மேல் விழும். உங்கள் விடுதியில் அப்படி நடந்தால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

எந்த மாதம் போகலாம்?

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தண்ணீர் தெளிவு. சாம்பல் பாறைச் சுறாவுக்குக் கிழக்குப் பக்கக் கந்துகள் நன்றாக இருக்கும். மே முதல் மழையும் கலங்கலும். ஹனிஃபாருவுக்கு அந்தக் கலங்கல்தான் வேண்டும்.

நான் எடுக்கும் படம் யாருக்காவது பயன்படுமா?

பயன்படும். திமிங்கலச் சுறாவின் புள்ளிகள் நம் கைரேகை மாதிரி. ஒன்றைப் போல் ஒன்று இராது. 2006 முதல் மாலத்தீவுத் திமிங்கலச் சுறா ஆய்வுத் திட்டத்தினர் இப்படிப் படங்களை வைத்தே 500-க்கும் மேற்பட்டவற்றை அடையாளம் கண்டிருக்கிறார்கள். பயணிகள் அனுப்பிய படங்களும் அதில் சேர்த்தி. வேண்டியது முகத்தோடு எடுக்கும் செல்ஃபி இல்லை. கடைசிச் செவுள் பிளவிலிருந்து பக்கத் துடுப்பு முடியும் இடம் வரை, பக்கவாட்டில், முதலில் இடப்பக்கம், முடிந்தால் வலப்பக்கமும். தேதி, இடம், தோராயமான நீளம், தழும்பு இருந்தால் எங்கே என்பதையும் குறித்து அனுப்புங்கள். அந்தச் சுறாவை முன்பே யாராவது பார்த்திருந்தால், எந்த வருடம் எங்கே பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.